யார் வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்தது

பள்ளி வேன் ஓட்டுகிற அந்தப் பெண்ணை, ஏறி இறங்கும் பிள்ளைகள் முதல் அவர்களுடைய தாத்தாக்கள் வரை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு பிள்ளைகளைக் காலையில் ஏற்றி, மாலையில் அவரவர் வாசலில் இறக்கிவிடுவது அவள் வேலை. அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். முடியளவு பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தேய்ப்பார். கடையில் அது நல்ல குணம். வீட்டில் அந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்துவது வேறு விஷயம்.

அவர்கள் குடியிருந்த தெருவில் பதினோரு மரங்கள் இருந்தன. இரண்டு வருடமாக அவற்றில் கம்பளிப்புழு மொய்த்தது. இலையெல்லாம் சல்லடையாகி, புழுக்கள் நூலில் தொங்கி, நடந்து போகிறவர்களின் தலையிலும் தோளிலும் விழுந்தன. வேனுக்காக மரத்தடியில் நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்குக் கழுத்தெல்லாம் தடித்துப்போய், ஒரு வாரம் பள்ளிக்கு வர முடியவில்லை. அன்றைக்குத்தான் லென்ஸ்காரர் பூங்கா அலுவலகத்துக்கு முதல் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. இரண்டாவது எழுதினார். அதற்கும் வரவில்லை. அவர் எழுதுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. மேலே கடித எண், கீழே முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார் என்கிற தகவல். இப்படிப் பதினோரு கடிதங்கள்.

கடிதம் எழுதிக்கொண்டு மட்டும் அவர் சும்மா இருக்கவில்லை. கம்பளிப்புழுவை மட்டும் கொல்லும் ஒரு பாக்டீரியா இருக்கிறது, மனிதர்களுக்கும் பறவைகளுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது, பூச்சிமருந்துக் கடையில் பாக்கெட்டில் விற்கிறார்கள் என்று எங்கோ படித்தார். ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். பதினோரு மரத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சரி, இதையே வளர்த்துப் பெருக்குவோம் என்று சமையலறையில் இறங்கிவிட்டார். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர், பால், சர்க்கரை. அதில் வளர்ந்ததை வடிகட்டி, தட்டில் உலர்த்தி, பொடியாக்கி ஒரு பாட்டிலில் வைத்தார். வேன் அக்கா முதல் நாளே சண்டைக்கு நின்றாள். தன் குக்கரில் கிருமிக்குச் சமைத்தால் மனுஷர்களுக்கு எதில் சமைப்பது என்று கேட்டாள். மறுநாள் அவர் பழைய குக்கர் ஒன்றை யாரிடமோ வாங்கி வந்தார். பேச்சு அதோடு முடிந்தது.

பொடியைத் தண்ணீரில் கலந்து கைக்கெட்டிய கிளைகளில் அடித்துப் பார்த்தார். நான்கே நாளில் புழுக்கள் சுருண்டு விழுந்தன. உச்சிக் கிளைக்கு எட்ட ஏணி வண்டி வேண்டும், அது பூங்கா அலுவலகத்திடம்தான் இருந்தது. அந்த உற்சாகத்தில் பதினோராவது கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டார். ‘இனியும் நீங்கள் வராவிட்டால் நானே மருந்தோடு உங்கள் அலுவலகத்துக்கு வருவேன். அப்போது உங்களுக்குத் தெரியும்.’ மருந்தின் அருமை தெரியும் என்பதுதான் அவர் நினைத்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை பூங்கா அலுவலகத்தில் தபால் பிரிக்கும் பெண்மணி ஓர் உறையைக் கிழித்தபோது, மங்கலான பழுப்பு நிறத் தூள் அவர் மடியில் கொட்டியது. உறைக்குள் கடிதம் இல்லை. அனுப்பியவர் பெயரும் இல்லை. கட்டடத்தையே காலி செய்தார்கள். தலை முதல் கால் வரை மூடிய உடையில் ஆட்கள் உள்ளே போனார்கள். அந்தப் பெண்மணியையும் பக்கத்து மேசைக்காரர்கள் இருவரையும் உடையோடு நிறுத்தித் தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானச் செய்தியில் அதுதான் முதல் செய்தி.

புதன்கிழமை காலை, தூளில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா, ஆனால் புழுவைக் கொல்லும் ரகம், யாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்தது. ஊர் பெருமூச்சு விட்டது. வேன் அக்காவுக்கு மட்டும் அந்தச் செய்தியைக் கேட்டதும் சமையலறைப் பாட்டில் நினைவுக்கு வந்தது. அன்று மாலை கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் போலீஸ் வண்டி நின்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் குரல் உயர்த்தாத மனிதர். மேசையில் கடிதங்களின் நகல்களை வரிசையாகப் பரப்பினார். பதினோராவது கடிதத்தின் அந்த வரிக்கு அடியில் யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். லென்ஸ்காரர் விளக்கினார். விளக்க விளக்க, அது இன்னும் மோசமாகக் கேட்டது. பழைய குக்கர், பாட்டில், தட்டுகள், வடிகட்டி, கிழங்குக் கூடை வரை பைகளில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள். கைது இல்லை. ஆனால் ஊரை விட்டுப் போகக் கூடாது.

மறுநாள் கண்ணாடிக் கடை முதலாளி, கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். அதற்கடுத்த நாள் வேனில் மூன்று இருக்கைகள் காலி. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள், ஒரு பிள்ளையை அப்பாவே கொண்டுவிடுகிறாராம், மூன்றாவது வீட்டில் போனையே எடுக்கவில்லை. அடுத்த வாரக் கடைசியில் பதினாறு பேர் ஐந்தாகிவிட்டார்கள். கழுத்து தடித்துப்போயிருந்த அந்தச் சின்னப் பெண் அந்த ஐவரில் ஒருத்தி. அவள் அம்மா மட்டும் தினமும் வாசலுக்கு வந்து கையசைத்தாள்.

செய்தி கேட்டு லென்ஸ்காரரின் அக்கா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். வேன் அக்காவுக்கு நாத்தனார். வந்த அன்றே தீர்ப்பு சொல்லிவிட்டாள். மளிகைச் சீட்டிலேயே தேதி போட்டுக் கையெழுத்துப் போடுகிறவன் தன் தம்பி, அவனாவது மொட்டைக் கடிதாசி போடுவதாவது, அனுப்பியிருந்தால் ரசீது கேட்டிருப்பான் என்றாள். இதையே போலீஸிடம் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியவளைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

நாத்தனாருக்கு இருந்த அந்த நிச்சயம் வேன் அக்காவுக்கு இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உறை வருவதற்கு முந்தின சனிக்கிழமை அவர் தபால் போடப் போனதை அவள் பார்த்திருந்தாள். போலீஸ் வந்துபோன பிறகு மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணினார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். இருபது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு, ஒன்றுமில்லை என்று சொல்லும்போது அவர் எதையோ மறைக்கிறார் என்பது தெரியாதா? கோபத்தில் செய்துவிட்டாரோ என்று ஒரு தடவை நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். திரும்பவும் நினைத்தாள்.

ஒன்பதாவது நாள் தடயவியல் ஆய்வகத்திலிருந்து அழைத்தார்கள். வேன் அக்காதான் வேனில் கூட்டிப்போனாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே அழைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவர், போனதைவிடக் கொஞ்சம் தெளிவாக இருந்தார். உள்ளே இருந்த ஆய்வாளர் அம்மா கெட்டிக்காரி என்றார். போலீஸ் மாதிரி ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லையாம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாராம். அவரும் கிராம் கணக்கில் சொன்னாராம். வீட்டுச் சர்க்கரை, குழாய்த் தண்ணீர், கிழங்கு எல்லாவற்றிலும் மாதிரி கேட்டிருந்தார்கள். அதை வாங்க மறுநாள் ஓர் ஆள் வந்தான். பால் தீர்ந்து பாட்டிலைக் கழுவிவைத்திருந்ததால், அதே பால் கடையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

அப்புறம் ஆறு நாள் எந்தச் சத்தமும் இல்லை. பதினேழாவது நாள் இருவரையும் சேர்த்தே வரச் சொன்னார்கள்.

அது சின்ன அறை. ஒரு மேசை, நான்கு நாற்காலிகள், சுவரோரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த ஒரு குளிர்பெட்டி. இன்ஸ்பெக்டர் முன்பே வந்திருந்தார். ஆய்வாளர் அம்மா ஒல்லியானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். லென்ஸ்காரர் அதைக் கவனித்து, உங்கள் தலையில் இருக்கிறது என்றார். அம்மா சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

வேன் அக்காவுக்காக அம்மா முதலிலிருந்து சொன்னார்.

“கிருமியோட ஜீனைப் பார்த்தா அது யாருன்னு தெரியும். ஆனா இங்க அது உதவலை. கடை பாக்கெட்ல இருக்கறது, உங்க வீட்டுக்காரர் வளர்த்தது, உறையில வந்தது, எல்லாம் ஒரே ரகம். ஒரே முகம். அதனால நான் வேற கேள்வி கேட்கறேன். இது எதைத் தின்னு வளர்ந்துச்சு? நம்ம உடம்புல நாம சாப்பிட்டது ஒட்டற மாதிரி அதுலயும் ஒட்டும். எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் கூட வந்துடும். யார் வீட்டுச் சாப்பாட்டுல வளர்ந்ததுன்னு பார்க்கறதுதான் என் வேலை.”

பாலில் வளர்ந்தால் பாலின் சர்க்கரையும் புரதமும் மிச்சமிருக்கும் என்றார். கரும்பும், சர்க்கரை காய்ச்சுகிற பீட் கிழங்கும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு வேறு என்பதால், போட்ட சர்க்கரை கரும்பில் வந்ததா பீட்டில் வந்ததா என்பதைக்கூட, அதைத் தின்ற கிருமியில் அளந்து கண்டுபிடிக்கலாம் என்றார். தண்ணீரும் ஊருக்கு ஊர் தன் அடையாளத்தை விட்டுப்போகுமாம். வேன் அக்காவுக்குப் பாதி புரிந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னது முழுதாகவே புரிந்தது.

உறையில் வந்த தூளில் சோயாவின் மிச்சம் இருந்தது. லென்ஸ்காரரின் பாட்டிலில் இருந்த பொடியிலும் சோயா இருந்தது. லென்ஸ்காரர் சொன்ன பட்டியலில் சோயா இல்லை.

“சோயாவா?” என்றார் அவர். “அந்த வாடையே எனக்கு ஆகாது மேடம். அது எங்க வீட்டு வாசப்படி ஏறினது கிடையாது. நான் போட்டது பால், சர்க்கரை, கிழங்குத் தண்ணி. அவ்வளவுதான்.”

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். லென்ஸ்காரர் யோசிக்கவே இல்லை, அதையேதான் மறுபடியும் சொன்னார். எல்லாவற்றையும் கிராம் கணக்கில் சொன்ன ஆள் ஒரு சாமானை மட்டும் ஏன் விட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். குரல் உயரவில்லை. ஆனால் நோட்டுப்புத்தகத்தை மூடிய விதத்தில், அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது தெரிந்தது.

வேன் அக்கா முதலில் பயந்தாள். அடுத்த நொடியே வேறு ஒன்று உறைத்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவர் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருப்பதாகச் சொல்லி, பாலைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மனிதர் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து காபி, ஐந்தும் திக்காக. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு அவள் வழியை மாற்றினாள். கடையில் டப்பாவில் விற்கும் சோயாப் பாலை வாங்கி, வேனின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, காலையில் அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் பால் பாட்டிலில் கலந்தாள். முதலில் கால் பங்கு. பிறகு பாதி.

“சார், ஒரு நிமிஷம்” என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “அவர் பொய் சொல்லலை. அவருக்குத் தெரியாது. பால்ல சோயா கலந்தது நான்.”

லென்ஸ்காரர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“எந்தப் பால்ல?”

“நம்ம பால்லதாங்க. நீங்க குடிக்கற பால்ல. டாக்டர் சொன்னார் இல்ல.”

“எவ்வளவு நாளா?”

“நாலு மாசம் இருக்கும்.”

இன்ஸ்பெக்டர் இந்தக் குடும்பத்துக்குள் மாட்டிக்கொண்டவர் போலக் கூரையைப் பார்த்தார். ஆய்வாளர் அம்மா மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என்ன டப்பா, எந்த விகிதம், தினமுமா, டப்பா இப்போது இருக்கிறதா என்று அடுக்கினார். வேனில் ஒன்று பிரிக்காமல் இருப்பதாக அவள் சொன்னதும், இன்ஸ்பெக்டரையே அவளோடு அனுப்பி எடுத்துவரச் செய்தார். டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த பட்டியலை, கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அடியில் தங்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு வகைப் பிசின். தன் தாள்களைப் புரட்டி, அதில் தானே போட்டிருந்த ஒரு கேள்விக்குறியைப் பேனாவால் தட்டினார். என்ன என்று சொல்லவில்லை. இந்தப் பாலையே இந்த விகிதத்தில் கலந்து, அவர் செய்தபடியே தான் வளர்த்துப் பார்க்க வேண்டும், எட்டு நாள் ஆகும், அதுவரை யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்றார். கடைசி வார்த்தைகளை இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது வேனில் மூன்று சிக்னல் வரை லென்ஸ்காரர் பேசவில்லை. நான்காவது சிக்னலில், “காபி நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பச்சை விழுந்தது தெரியாமல் நின்றுவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இதைத் தன் அம்மா செய்திருந்தால் அப்பா இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார் என்றாள். ஆனாலும் அந்த எட்டு நாள் யாருக்கும் ஒரு வாய் நிம்மதியாக இறங்கவில்லை. அவர் மறுபடி விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். சோயா விஷயம் தெளிந்த பிறகும் இன்னும் என்ன எண்ணுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது அவள் பையில் போன் அடித்தது. வேன் ஓடும்போது அவள் போனைத் தொட மாட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். மூன்றாவது தடவை அடித்தபோது, “அக்கா, எடுத்துக் குடுக்கட்டா?” என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது. வேண்டாம் கண்ணு என்றாள். நான்காவது தடவையும் அடித்தது. கடைசிப் பிள்ளை வாசலுக்குள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு எடுத்தாள்.

ஆய்வாளர் அம்மாதான்.

“அது உங்க வீட்டுச் சாப்பாடு இல்லம்மா” என்றார். “நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க, விவரமா சொல்றேன். இன்னிக்குத் தூங்குங்க.”

அவள் நன்றி சொன்னாளா என்பதே பிறகு அவளுக்கு நினைவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தாள். பிறகு வீட்டுக்குப் போனாள். அவர் கதவைத் திறந்தார். “நம்ம வீட்டுது இல்லையாம்” என்றாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாத்தனார், சொன்னேனா இல்லையா, சொன்னேனா இல்லையா என்று வீடு முழுக்க நடந்தாள்.

மறுநாள் அம்மா விவரம் சொன்னார். லென்ஸ்காரரின் பொடியில் பசும்பாலின் சர்க்கரை இருந்தது, சோயா இருந்தது, டப்பாப் பாலின் பிசினும் இருந்தது. தான் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததிலும் அதே மூன்றும் அதே அளவுகளில் இருந்தன. உறையில் வந்த தூளில் பாலும் இல்லை, பிசினும் இல்லை. சோயா மாவு மட்டும் இருந்தது. கூடவே, ஆள் உயரத் தொட்டிகளில் நுரை பொங்கி வழியாமல் இருக்கத் தொழிற்சாலைகளில் ஊற்றும் ஒரு வகை எண்ணெயின் மிச்சம் இருந்தது. சர்க்கரையும் வேறு. இவர்கள் வீட்டில் கரும்புச் சர்க்கரை, அதில் பீட் கிழங்குச் சர்க்கரை. சமையலறையில் வளர்ந்ததே இல்லை அது.

“சோயான்னு மட்டும் பார்த்திருந்தா ரெண்டும் ஒண்ணுன்னு நானே எழுதிக் கொடுத்திருப்பேன்” என்றார் அம்மா. “நீங்க அன்னிக்கு வாயைத் திறந்ததுதான் நல்லதாப் போச்சு.”

மீதியை இன்ஸ்பெக்டர் சொன்னார். சோயா மாவும் பீட் கிழங்குச் சர்க்கரையும் அந்த எண்ணெயும் சேர்த்து இந்த மருந்தைத் தயாரிக்கிற தொழிற்சாலை ஒன்றுதான் இருந்தது. விசாரித்ததில், அவர்களுடைய புதிய விற்பனையாள் இருபத்திரண்டு அலுவலகங்களுக்கு மருந்தின் மாதிரியைத் தபாலில் அனுப்பியிருந்தான். இருபத்தோரு உறைகளில் விளக்கத் தாளையும் வைத்தான். ஒன்றில் மறந்துவிட்டான். அந்த உறையில் இருந்த சின்னப் பை தபால் எந்திரத்தில் நசுங்கி வெடித்திருந்தது. அவ்வளவுதான் கதை. மிரட்டலும் இல்லை, மிரட்டியவரும் இல்லை. விற்பனையாள் அழுதுவிட்டானாம். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று லென்ஸ்காரரிடம் கை நீட்டினார். வருத்தம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை என்றாலும், கையை உடனே விடவில்லை.

லென்ஸ்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தத் தபால் பிரிக்கிற அம்மா எப்படி இருக்கிறார்? மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், இப்போது வேலைக்கும் போகிறார் என்றார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து வேனில் ஏறியதும் அவள் சாவியைப் போடவில்லை. சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும். நடுவுல நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். ஒரு தடவை இல்ல, நிறைய தடவை.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“நானும்தான்” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை அவர் தபாலில் போட்டது பன்னிரண்டாவது கடிதம். பேசிப் பயனில்லை, பொருளையே பார்க்கட்டும் என்று, கொஞ்சம் பொடியை ஒரு சின்னப் பையில் கட்டிக் கடிதத்தோடு உறைக்குள் வைத்தார். பிறகு, யாராவது பயந்துவிடப் போகிறார்கள் என்று தோன்றி வெளியே எடுத்துவிட்டார். எடுத்ததாகத்தான் நினைவு. செய்தி வந்த நாளிலிருந்து அந்த நினைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அது தேய்ந்துபோய்விட்டது. எடுத்தேனா, எடுக்க வேண்டும் என்று நினைத்தேனா? போலீஸ் மேசையில் பரப்பியவை பதினோரு கடிதங்கள். எத்தனை தடவை எண்ணினாலும் பதினொன்றுதான். உறையில் கடிதம் இல்லை என்று வெளியே சொன்னதுகூடப் போலீஸ் தந்திரம்தான், பன்னிரண்டாவது தூளோடு வந்ததால் தனியாக வைத்திருக்கிறார்கள் என்றே நம்பிவிட்டார்.

“அந்த அம்மாவை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்னு நெனச்சேன். வேணும்னு செய்யலை, ஆனா செஞ்சது நான்தான்னு. உன்கிட்ட சொன்னா நீயும் சேர்ந்து சுமக்கணும். இப்பவும் அந்தப் பன்னிரண்டாவது எங்கன்னு தெரியலை.”

அவள் இறங்கி, இன்ஸ்பெக்டர் தன் வண்டியில் ஏறுமுன் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பன்னிரண்டாவது கடிதம் அலுவலகத்தில்தான் இருந்தது. கட்டடத்தைச் சீல் வைத்தபோது பிரிக்காமல் மாட்டிக்கொண்ட மூட்டையில் இருந்து போன வாரம்தான் எடுத்தார்களாம். உள்ளே தாளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

“ஒண்ணும் இல்லையாங்க. வெறும் தாள்தானாம்.”

அவர் நீளமாக மூச்சு விட்டார். இருபத்தாறு நாளாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

பள்ளி விடும் நேரம் நெருங்கியிருந்தது. வீட்டுக்குப் போய் அவரை விட்டுவிட்டு வர நேரமில்லை. அப்படியே பள்ளிக்கு ஓட்டினாள். போகும் வழியிலேயே போன் அடிக்க ஆரம்பித்தது. பெற்றோர்களுக்குச் செய்தி எட்டிவிட்டது போல. அடிக்கட்டும் என்று விட்டாள்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் ஏறியபோது லென்ஸ்காரர் கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கான குட்டி இருக்கையில், முழங்கால் முகவாயில் முட்ட உட்கார்ந்து நன்றாகத் தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முதலில் ஏறிய சின்னப் பெண் அவரைப் பார்த்துவிட்டு, “மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

“இல்ல கண்ணு, நல்லா இருக்கார். ரொம்ப நாள் கழிச்சுத் தூங்கறார்” என்றாள் வேன் அக்கா.

சின்னப் பெண் திரும்பி, பின்னால் ஏறியவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். ஐந்து பேரும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். வேன் அக்கா கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு, குலுக்காமல் வண்டியை எடுத்தாள்.